மூளையின் பாரத்தைக் குறைக்கும் ஊசி



எச்.ஐ.வி. கிருமியினால் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களின் தேகத்தில், புறா எச்சம் கலந்த மண்ணில் வாழும் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை சுவாசத்தின் வழியே புகுந்து, நுரையீரலைக் கடந்து மூளையின் உறைகளைப் பற்றிக்கொள்ளும்போது, மருந்து பலிப்பதற்கு முன்பே பிராணனைப் பறிக்கவல்ல அபாயம் ஒன்று உண்டு. அதுவே மண்டைக்குள் ஏறும் அழுத்தம்.

மூளையை நனைத்து நிற்கும் தெளிந்த நீர் வடியும் நுண்ணிய வழிகளைப் பூஞ்சை அடைத்துவிடுவதால், மடை தூர்ந்த வயல்போல் நீர் தேங்கி, தாளாத தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை, சிலருக்கு நிரந்தரமான பார்வை இழப்பு என்று துன்பம் வளர்கிறது.

இதற்குப் பரிகாரம், நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால்களை மார்போடு மடக்கி, கீழ்முதுகில் ஊசி செலுத்தி, அதில் பொருத்திய குழாயில் நீர் ஏறும் உயரத்தை அளந்து, அது 25 சென்டிமீட்டரை எட்டினாலோ தாண்டினாலோ, 20-க்குள் அடங்கும்வரை, மிகையாக இருந்தால் பாதியாகும்வரை, நீரை மெல்ல வடிப்பதேயாகும். அழுத்தம் மீண்டும் ஏறினால் நாள்தோறும் வடிக்க வேண்டும்.

வீக்கத்தைத் தணிக்கும் டெக்ஸாமெதசோன் இங்கே உதவவில்லை, தீங்கே செய்தது என்பதை, வியட்நாம், உகாண்டா முதலிய நாடுகளில் நடந்து 2016-இல் வெளியான ஆராய்ச்சி ஐயமறக் காட்டியது. ஆம்போடெரிசின் முதலிய மருந்துகள் பூஞ்சையை அழிக்க, ஊசியோ அதுவரை உயிரைக் காத்து நிற்கிறது.

முதுகில் குத்தினால் கால் விளங்காது என்று அஞ்சி உறவினர் மறுப்பதுண்டு. தண்டுவடம் முடியும் இடத்திற்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. ஆதலால் அந்த அச்சத்தை விடுத்து, வைத்தியர் கேட்கும்போது தாமதமின்றிச் சம்மதியுங்கள்.