நீடித்த ஆதிக்கமும் தலைமன்னார்க் கடலும்

விளையாட்டில் ஒருவருடைய நீண்டகால ஆதிக்கத்தை அளக்கும் வழக்கமான முறை, அவர் எத்தனை எதிராளிகளை எத்தனை ஆண்டுகள் தொடர்ந்து விஞ்சினார் என்ற கணக்கைச் சார்ந்தது; 52 டெஸ்ட் போட்டிகளில் 99.94 என்ற ஓட்டச் சராசரியைப் பெற்ற டொன் பிரட்மனையும், 800 விக்கெட்டுகளை வீழ்த்திய முத்தையா முரளிதரனையும் அம்முறை தயக்கமின்றி முன்னிறுத்தும். எதிரே ஆளின்றிக் கடலோடு மட்டும் பொருதும் நெடுந்தூர நீச்சலுக்கோ அக்கணக்கு உதவாது. ஒரு சாதனை எவ்வளவு காலம் எட்டப்படாமல் நின்றது என்பதையே அங்கு அளவாகக் கொள்ள வேண்டியுள்ளது.

மன்னார்த் தீவின் மேற்கு முனையான தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடல் உள்ளது. வடக்கே பாக் நீரிணையையும் தெற்கே மன்னார் வளைகுடாவையும் பிரிக்கும் மணல்திட்டுத் தொடரின் இடைவெளிகளில் நீர் விசையுடன் பாய்வதால், கடற்றொழிலாளர் நீவாடு என்று வழங்கும் அந்த நீரோட்டம் நீந்துபவரைப் பக்கவாட்டில் இழுத்துத் தூரத்தைக் கூட்டிவிடும். வாடைக் காற்று ஓய்ந்து சோளகம் எழுவதற்கு முந்திய மார்ச், ஏப்ரல் மாதங்களே பெரும்பாலும் நீச்சலுக்குத் தெரிவாவது இதனாலேயே.

1966 ஏப்ரலில் வங்காளத்து மிகிர் சென் இக்கடலை ஒருவழியாக 25 மணி 36 நிமிடங்களில் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த வி. எஸ். குமார் ஆனந்தன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திச் சென்று, நீந்தியே திரும்பி, இருவழியையும் 51 மணி நேரத்தில் முடித்தார். சராசரியாகப் பார்த்தால், சென் ஒருமுறை காட்டிய வேகத்தை இவர் உறக்கமின்றி இருமுறை காட்டியிருக்கிறார் என்பது வியப்புக்குரியது.

1984 ஓகஸ்ட்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் ஆனந்தன் உயிரிழந்த பின்னரும் அச்சாதனை நிலைத்தது. 2021 ஏப்ரலில் இலங்கை விமானப்படையைச் சேர்ந்த ரொஷான் அபேசுந்தர 59.3 கிலோமீற்றரை 28 மணி 19 நிமிடங்களில் நீந்தியே அதை முறியடித்தார். எனினும் இந்த ஐம்பது ஆண்டுகளையும் ஆனந்தனின் ஆதிக்கமாக எழுதிவிடுவது நேர்மையாகாது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் மன்னார்க் கரையோர மீனவர்களே கடலுக்குச் செல்லப் பாஸ் நடைமுறைக்கும் தடைகளுக்கும் உட்பட்டிருந்தபோது, இரு நாட்டுக் கடற்படைகளின் இணக்கமும் துணைப் படகுகளும் வேண்டிய ஒரு நீச்சலுக்கு உள்ளூர் இளைஞர் எவரும் எளிதில் துணிந்திருக்க முடியாது. ஒரு சாதனைக்குப் போரே காவல் நின்றது என்று சொல்வது கசப்பானதுதான்.

ஆயினும் கடல் முற்றாக மூடிக்கிடக்கவில்லை. 1994இல் தமிழ்நாட்டுச் சிறுவர் குற்றாலீசுவரன் பாக் நீரிணையைக் கடந்தார்; போர்நிறுத்தக் காலமான 2004இல் புலா சௌத்ரி தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடியை ஏறத்தாழ 14 மணி நேரத்தில் அடைந்தார். ஒருவழி நீச்சலின் வேகத்தில் ஆனந்தனின் காலம் அப்போதே வெகுவாகப் பின்தங்கிவிட்டது. அவர் பெயரை மேலும் 17 ஆண்டுகள் முதலிடத்தில் வைத்திருந்தது, தனுஷ்கோடியைத் தொட்டபின் அவர் நீந்திய திரும்புவழியே.