வண்டி எந்த நிலையில இருக்கு?

சிறு நிறுவனங்களுக்கான வேலை ஓட்ட மென்பொருள் குறித்து, நாமக்கல்லில் தொழில் செய்பவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கம்ப்யூட்டர் இன்ஜினியர் இல்லைங்க. இதழியல் படித்துவிட்டு, தகவல் துறையில் அரசு சேவைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பவன். மென்பொருளுக்குள்ளே என்ன ஓடுகிறது என்று கேட்டால் முழிப்பேன். ஆனால் ஒரு விண்ணப்பம் எங்கே நிற்கிறது, யாரிடம் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கேட்கத் தெரியும். தினமும் நான் கேட்கிற கேள்வி அதுதான். இன்றைக்கு நான் பேச வந்த விஷயமும் கிட்டத்தட்ட அதேதான்.

இதற்கு வைத்திருக்கும் பெயர் 'பிசினஸ் ப்ராசஸ் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர்'. பேரைக் கேட்டாலே பாதிப் பேர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். அதனால் 'வேலை ஓட்டம்' என்றே சொல்லலாம். நீங்கள் எல்லோருமே இதை ஏற்கெனவே பயன்படுத்தியவர்கள்தான். பையனுக்கோ பெண்ணுக்கோ சாதிச் சான்றிதழ் வாங்க இ-சேவை மையத்துக்குப் போயிருப்பீர்கள். விண்ணப்பம் போட்டதும் ஒரு எண் தருவார்கள். அது கிராம நிர்வாக அலுவலரிடம் போகும், வருவாய் ஆய்வாளரிடம் போகும், வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும். அந்த எண்ணைப் போட்டால் இப்போது யாரிடம் இருக்கிறது என்று செல்போனிலேயே தெரியும். முன்னாடி இதைத் தெரிந்துகொள்ள ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. ஒரு வேலையைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆளை வைத்து, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் முடிந்தது என்று எழுதி வைப்பது. வேலை ஓட்ட மென்பொருள் செய்வது அவ்வளவுதான்.

இப்போது நம்ம ஊர் பாடி கட்டும் பட்டறைக்கு வருவோம். சேசிஸ் வந்து இறங்குகிறது. கொட்டேஷன் பேசி, அளவு எடுத்து, இரும்பு, பலகை வாங்கி, வெல்டிங், தச்சு, பெயின்ட், ஒயரிங் என்று வரிசையாக வேலை போகிறது. வண்டிக்காரர் தினமும் போன் போட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "அண்ணா, வண்டி எந்த நிலையில இருக்கு?" அவருக்கு அவசரம் இருக்கிறது. கடன் போட்டுத்தான் சேசிஸ் எடுத்திருப்பார். வண்டி ஷெட்டுக்குள் நிற்கும் நாளுக்கும் தவணை ஓடும். முதலாளி என்ன செய்வார்? போனைக் கையில் வைத்துக்கொண்டே, "ஏப்பா, அந்த வண்டிக்குப் பெயின்ட் ஆச்சா?" என்று ஷெட்டுக்குள் சத்தம் போடுவார். பெயின்டர் சாப்பிடப் போயிருந்தால் பதில் கிடையாது. "நாளைக்கு ஆயிருங்க" என்று ஒரு பதிலைச் சொல்லி வைப்பார்.

பத்து வண்டி இருக்கும் ஷெட்டில் பத்து வண்டியின் கதையும் ஒரே ஆளின் மண்டைக்குள் இருக்கிறது. எந்த வண்டிக்கு இரும்பு வரவில்லை, யார் முன்பணம் பாக்கி, எந்த வண்டிக்காரர் நீல நிறம் கேட்டுவிட்டு அப்புறம் பச்சை என்றார், எல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்தால் ஷெட்டே படுத்துவிடும். திருச்செங்கோடு ரிக் கம்பெனி, குமாரபாளையம், பள்ளிபாளையம் தறிக்கூடம், கோழிப்பண்ணைத் தீவனக் கிடங்கு என்று எங்கே போனாலும் பெரும்பாலும் இப்படித்தான்.

கொலுசுக்காரர்களை மட்டும் இதில் சேர்க்க மாட்டேன். சேலத்துக் கொலுசுத் தொழிலில் வெள்ளி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போதெல்லாம் எடை போடுவார்கள். கொடுத்த எடை, திரும்பி வந்த எடை, சேதாரம் என்று நோட்டில் ஏறிவிடும். கம்ப்யூட்டர் வருவதற்கு ரொம்ப காலம் முன்னாலேயே அவர்களிடம் வேலை ஓட்டம் இருந்தது. வெள்ளி விலை உயர்ந்தது, அதனால் எழுதினார்கள். மற்ற தொழில்களில் கை மாறும்போது தொலைவது நாள். அதற்கு விலை இல்லை என்று நினைத்து விட்டுவிடுகிறோம்.

நாளுக்கு என்ன விலை என்று எனக்குப் புரிந்தது என் சித்தப்பா விஷயத்தில்தான். அவர் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு நிறுவனத்துக்கு (பெயர் வேண்டாமே) இரும்புச் சட்டங்கள் செய்து அனுப்பினார். இரண்டு லட்சத்துச் சொச்சம். எட்டு மாதம் பணம் வரவில்லை. கேட்டால், "சரக்கே லேட்டாத்தான் வந்துச்சு, பாதியில வெல்டிங் சரியில்ல, அப்பவே போன்ல சொன்னமே" என்றார்கள். சித்தப்பாவிடம் பில் இருந்தது, ஈ-வே பில் இருந்தது. ஆனால் ஈ-வே பில் சரக்கு எந்த வண்டியில் கிளம்பியது என்று சொல்லும், போய்ச் சேர்ந்ததை யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்று சொல்லாது. அதைச் சொல்லும் டெலிவரி சலானை டிரைவர் முன் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்திருந்தார். மழையில் நனைந்து மை பரவிப் போயிருந்தது. கையெழுத்தும் தெரியவில்லை, தேதியும் தெரியவில்லை. "கண்ணு, சரக்க நாந்தான் இறக்குனேன், ஆனா அதச் சொல்ல எங்கிட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்ல" என்றார். கடைசியில் பேசி முடித்ததில் நாற்பதாயிரம் குறைத்துக்கொண்டுதான் வாங்கினார்.

அந்தத் தேதி கையில் இருந்திருந்தால் சட்டம் அவர் பக்கம் நின்றிருக்கும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர், எழுதிக்கொண்ட ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடுவும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒன்றுமே இல்லையென்றால் 15 நாள்தான். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. சரக்கில் குறை இருந்தால் வந்து சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லவில்லையென்றால் சேர்ந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகத்தான் கணக்கு. "போன்ல சொன்னமே" என்பது இங்கே செல்லாது.

இதற்காக 2017இல் எம்எஸ்எம்இ சமாதான் இணையதளம் தொடங்கப்பட்டது. பணம் வராவிட்டால் இணையத்தில் புகார் பதிவு செய்யலாம். அது மாநிலத்தின் வசதியாக்கல் மன்றத்துக்குப் போகும். 2023இல் வருமான வரிச் சட்டத்தில் ஒரு திருத்தமும் வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டிப் பணம் தந்தால், தருகிற வருடத்தில்தான் வாங்கியவர் அதைச் செலவாகக் காட்ட முடியும். அதனால் இப்போது சில பெரிய கம்பெனிகளே, "உங்க உத்யம் நம்பர் என்ன?" என்று கேட்கிறார்கள். உத்யம் பதிவு இல்லாதவர்கள் அடுத்த சரக்கு அனுப்புவதற்கு முன்னாடியே செய்துகொள்ளுங்கள். 2020 ஜூலை 1 முதல் நடக்கிறது, கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் அது அரசு இணையதளம் இல்லை, முகவரி ஜிஓவி.இன் என்று முடிகிறதா பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

இந்த உரிமை எல்லாமே ஒரு தேதியில் தொங்குகிறது. சரக்கு என்றைக்குச் சேர்ந்தது, யார் வாங்கினார்கள் என்பதில். அதனால் மென்பொருள் வாங்கப் போகும்போது "எங்க வேலையில எந்தத் தேதி தொலைஞ்சு போகுது?" என்ற கேள்வியோடு போங்கள்.

மென்பொருளுக்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய ஜோஹோ. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலிருந்துகூட அவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய 'கிரியேட்டர்' 2006இல் வந்தது. கட்டங்களை இழுத்து வைத்து, நம் பட்டறைக்கு வேண்டிய படிவத்தையும் படிகளையும் நாமே அமைத்துக்கொள்ளலாம். மும்பையில் ருஷப் மேத்தா என்பவர், தன் குடும்பத்தின் மரச்சாமான் தொழிலுக்கு மென்பொருள் பொருத்தப் போய்ப் பட்ட பாட்டிலிருந்து உருவாக்கியது 'ஈஆர்பி-நெக்ஸ்ட்'. அது திறந்த மூல மென்பொருள், உரிமத்துக்குப் பணம் இல்லை. ஆனால் அமைத்துக் கொடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும், சர்வர் செலவும் உண்டு. இரண்டையும் உதாரணத்துக்குச் சொன்னேன், விளம்பரம் இல்லை. இதே வேலைக்கு இன்னும் பல இருக்கின்றன. ஐந்து பேர் உள்ள பட்டறைக்குக் கூகுள் ஷீட் ஒன்றே ஆறு மாதத்துக்குப் போதும் என்பது என் கருத்து.

வாங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஒரே ஒரு வேலையை மட்டும் காகிதத்தில் எழுதுங்கள். ஆர்டர் வருவதிலிருந்து பணம் வருவது வரை. ஒவ்வொரு படியிலும் யார் செய்கிறார், அவர் லீவு போட்டால் யார், எத்தனை நாள் பிடிக்கும். எழுதும்போதே சண்டை வரும். "இத நான் பாக்கறதில்ல, அவர்தான்" என்று சூப்பர்வைசர் சொல்வார், அவரோ இவரைக் காட்டுவார். அந்த இடத்தில்தான் இதுவரை வேலை நின்றுகொண்டிருந்தது என்று தெரிந்துகொள்ளலாம். சில இடத்தில் முதலாளிதான் அடைப்பு. முந்நூறு ரூபாய் வெல்டிங் ராடுக்கும் அவர் ஓகே சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தால், மென்பொருள் வந்த பிறகு அவர் போனில் நாற்பது அனுமதிக் கேட்புகள் வரிசையாக நிற்கும். இவ்வளவு ரூபாய்க்குள் என்றால் சூப்பர்வைசரே முடிக்கலாம் என்று முதலில் பேசி முடிவு செய்யுங்கள்.

பட்டறையில் வேலை செய்கிறவர்களிடம் சொல்லாமல் இதைக் கொண்டுவராதீர்கள். நம்ம ஷெட்டுகளில் பீகார், ஒடிசாத் தம்பிகளும் இருக்கிறார்கள். தமிழில் பத்துப் பத்தியாகப் படிவம் கொடுத்தால் யாரும் தொட மாட்டார்கள். வண்டி எண், ஒரு போட்டோ, 'முடிந்தது' என்று ஒரு பொத்தான், அவ்வளவு போதும். வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கத்தான் இது. வெல்டர் எத்தனை தடவை டீக்குப் போனார் என்று பார்க்க ஆரம்பித்தால் இரண்டே வாரத்தில் எல்லோரும் பொய்யாகப் பொத்தானை அமுக்குவார்கள். அப்புறம் அந்தத் தேதிகளை நம்பி எந்த மன்றத்துக்கும் போக முடியாது.

காசு விஷயம். பெரும்பாலும் ஓர் ஆளுக்கு மாதம் இவ்வளவு என்றுதான் விலை சொல்வார்கள். முதல் வருடச் சலுகை விலையைப் பார்க்காதீர்கள், இரண்டாம் வருட விலையைக் கேளுங்கள். "நாங்க நிறுத்திட்டா எங்க விவரமெல்லாம் எக்செல்லா எடுத்துக்க முடியுமா?" என்று கேட்டு, எதிரிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம், கணக்கைத் தொடங்கும் மெயில் ஐடி. அவசரத்துக்குக் கம்ப்யூட்டர் பார்க்கும் பையனின் சொந்த மெயிலில் தொடங்கிவிடுகிறார்கள். அவன் நல்ல பையனாகவே இருக்கட்டும், நாளைக்கு வேறு வேலைக்குப் போனால் உங்கள் முழுத் தொழிலின் சாவி அவன் பையில் இருக்கும். நிறுவனத்தின் பெயரில் ஒரு மெயில், உரிமையாளரின் செல் நம்பர், இரண்டடுக்குப் பாதுகாப்பு. ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். மென்பொருள் கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்று சொல்கிறவருக்கும்தான்.

சித்தப்பா இன்னும் எந்த மென்பொருளும் வாங்கவில்லை. "அடுத்த வருசம் பாக்கலாம்" என்கிறார். ஆனால் ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. சரக்கு இறக்கியதும் கையெழுத்தான சலானைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுத்தான் டிரைவர் வண்டியைத் திருப்ப வேண்டும். போட்டோ வரும் வரை வாடகைப் பாக்கி கிடையாது. வரும் படங்களை என் சித்தி மாதவாரியாக ஒரு ஷீட்டில் ஏற்றி, பக்கத்தில் 45ஆவது நாள் எது என்று போட்டு வைக்கிறார். கெடுவுக்கு ஐந்து நாள் முன்னால் அவரே போன் போடுகிறார். சித்தப்பாவை விட அவர் பேசினால் பணம் சீக்கிரம் வருகிறது, அது வேற கதை.

சரிங்க, என் பேச்சு இவ்வளவுதான். பின்னாடி வரிசையில் ரொம்ப நேரமாகக் கை தூக்கியிருக்கிற அக்கா, நீங்க முதல்ல கேளுங்க.