நோயுற்ற குழந்தையின் விருப்பம்
(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் சாதனைகளைப் பேசுவது மரபு. எங்களுக்கு முன் பேசியவர்கள் அப்பணியை நிறைவாகச் செய்துவிட்டார்கள். ஆகவே நாங்கள் ஒரு சிறு செய்தியை மட்டும் உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். கடும் நோயுற்ற ஒரு குழந்தையின் விருப்பத்தை நாம் எவ்வாறு நிறைவேற்ற வேண்டும் என்பதே அது.

அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்தில் கிறிஸ் கிரீசியஸ் என்னும் ஏழு வயதுச் சிறுவன் இருந்தான். இரத்தப் புற்றுநோய் அவனைப் பற்றியிருந்தது. காவலர் ஆகவேண்டும் என்பது அவன் ஆசை. குடும்ப நண்பரான ஓர் அரசு அலுவலர் வழியாக இச்செய்தி மாநிலக் காவல் துறையினருக்கு எட்டியது. 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் அவனை ஹெலிகாப்டரில் ஏற்றித் தலைமையகத்திற்கு அழைத்து வந்தார்கள். கௌரவக் காவலனாகப் பதவி ஏற்கச் செய்தார்கள். அவன் உடல் அளவுக்கே சீருடை தைத்துக் கொடுத்தார்கள். மோட்டார் சைக்கிள் காவலர் அணியும் சிறகுச் சின்னத்தையும் அவன் விரும்பினான். அதனைச் சும்மா எடுத்துக் கொடுத்துவிடவில்லை. அவனுடைய சிறிய பேட்டரி வண்டியை ஓட்டச் சொல்லித் தேர்வு வைத்தார்கள், அவனும் தேறினான். மே 3ஆம் நாள் அவன் மறைந்தான். காவலருக்குரிய மரியாதையோடு அவனை அடக்கம் செய்தார்கள்.

அவனுக்காக அன்று பணியாற்றிய பிராங்க் ஷாங்க்விட்ஸ் என்னும் காவலரும் மற்றும் சிலரும் சேர்ந்து அதே 1980இல் தொடங்கியதே ‘மேக் எ விஷ்’ என்னும் அறநிறுவனம். அது 1996 முதல் இந்தியாவிலும் இயங்கி வருகிறது. 2014இல் ஐதராபாத்தில், நோயுற்ற பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அந்நிறுவனத்தின் முயற்சியால் ஒருநாள் காவல் ஆணையராக நாற்காலியில் அமர்ந்தான்.

இந்நிகழ்ச்சிகளில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, குழந்தையின் விருப்பத்தைப் பெரியவர்கள் தாமாகவே முடிவு செய்துகொள்ளவில்லை, கேட்டு அறிந்தார்கள். இரண்டாவது, அதை விளையாட்டாக எண்ணவில்லை, முறைப்படி செய்தார்கள். மூன்றாவது, காலம் தாழ்த்தவில்லை. ஏப்ரல் 29க்கும் மே 3க்கும் இடையே இருந்தவை எத்தனை நாள்கள் என்று எண்ணிப் பாருங்கள்!

இம்மூன்றிலும் நாங்கள் தவறிய கதை ஒன்று உண்டு. அதனைச் சொல்லவே இம்மேடைக்கு வந்தோம்.

எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் ஒரு மாணவன் படித்தான். பெற்றோர் நம் காலனியைச் சேர்ந்த விவசாயக் கூலிகள். அவனுக்கும் இரத்தப் புற்றுநோய்தான். சிகிச்சைக்காகப் பல மாதங்கள் நகரத்திலேயே தங்கிவிட்டான். நெடுநாள் வராதவர்களின் பெயரை நீக்கும் வழக்கப்படி, அவன் பெயரையும் பதிவேட்டிலிருந்து நீக்கினோம். சிவப்பு மையால் கோடிட்ட கை எங்கள் கைதான். காரணம் என்ன என்று அவன் வீட்டுக்கு ஆள் அனுப்பிக்கூடக் கேட்கவில்லை.

இனி மருந்தால் பயனில்லை என்று சொல்லி மருத்துவர்கள் அவனை வீட்டுக்கு அனுப்பியபோதுதான் செய்தி தெரிந்தது. ஆசிரியர்கள் பணம் திரட்டிப் பழமும் புதுச் சட்டையும் கிரிக்கெட் மட்டையும் வாங்கிக்கொண்டு போனோம். “வேறு என்னப்பா வேண்டும்?” என்று நின்றபடியே கேட்டோம். “ஒன்றும் வேண்டாம் ஐயா” என்றான். கடமை முடிந்தது என்று திரும்பிவிட்டோம்.

எங்களுள் ஓர் ஆசிரியை மட்டும் மறுநாளும் போனார். அவன் பாயருகே அமர்ந்து மீண்டும் கேட்டார். அப்போதும் அதே விடைதான். மூன்றாம் நாள் அவனே வாய் திறந்தான். “என் பேரை எடுத்துட்டாங்களாமே டீச்சர்! மறுபடியும் எழுதச் சொல்லுங்க. பேர் கூப்பிடும்போது நான் ‘உள்ளேன் ஐயா’ சொல்லணும்” என்றான்.

அன்றே அவனை மீண்டும் சேர்த்தோம். மறுநாள் காலை அவன் தந்தை அவனைத் தோளில் தூக்கி வந்தார். வகுப்பாசிரியர் கடைசிப் பெயராக அவன் பெயரை அழைத்தார். மெல்லிய குரலில், ஆனால் எல்லோர் காதிலும் விழும்படி, “உள்ளேன் ஐயா” என்றான். மூன்று நாள்கள் வந்தான். அம்மாதம் முடியுமுன் மறைந்தான். ஆசிரியை கேட்காமல் இருந்திருந்தால், பள்ளி தன்னைக் கைவிட்டது என்ற எண்ணத்தோடே அவன் போயிருப்பான். அந்தப் பழி எங்களைச் சேர்ந்திருக்கும்.

தோழர்களே! பதிவேட்டில் ஒரு பெயர் என்பது நமக்குச் சிறிய பொருளன்று. அண்ணல் அம்பேத்கர் சிறுவயதில் வகுப்பறையில் தனியே கோணித்துணி விரித்து அமர்த்தப்பட்டார். சென்னையில் நம் குழந்தைகளுக்கென்று ஆல்காட் முதல் இலவசப் பள்ளியைத் திறந்தது 1894இல். அத்துணைப் பாடுபட்டு எழுதப்பட்ட பெயரின் அருமையை அச்சிறுவன் அறிந்திருந்தான். தலைமை ஆசிரியர் மறந்திருந்தோம்.

‘ஒன்றும் வேண்டாம்’ என்பது அவன் மனத்திலிருந்து வந்த சொல்லன்று. வாசலில் நின்று பேசிப் பழகிய முன்னோரிடமிருந்து வந்த சொல். கேட்பதே குற்றம் என்று பல தலைமுறைகள் கற்றுக்கொண்ட பாடம் அது. நம் குழந்தை அப்படிச் சொன்னால் அதை விடையாகக் கொள்ளாதீர்கள். அருகில் அமர்ந்து இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேளுங்கள்.

விருப்பத்தை நிறைவேற்றுவது சிகிச்சைக்கு மாற்று என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. செல்வ நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் குணமடைகிறார்கள். ஏழை நாடுகளில் அந்நிலை இல்லை. நோயைக் காலந்தாழ்த்தி அறிவதும், பாதியில் சிகிச்சையை நிறுத்துவதும் முக்கியக் காரணங்கள். விடாத காய்ச்சல், உடல் வெளுப்பு, அடிபடாமலே தோன்றும் நீலத் தழும்பு ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நம் மாநிலத்தில்தான் இருக்கிறது.

இளைஞர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுவே. நோயுற்ற பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் பஸ் கட்டணத்தோடும் துணையோடும் செல்லுங்கள். பள்ளியிலிருந்து நின்ற பிள்ளை ஏன் நின்றது என்று அந்த வாரமே விசாரியுங்கள். அதன் விருப்பம் என்னவென்று கேட்டு, முடிந்ததை அன்றே செய்யுங்கள். இதற்கு ஹெலிகாப்டர் வேண்டியதில்லை. எங்கள் பள்ளியில் அதற்குச் செலவானது ஒரு துளி மை.