பிள்ளையை முகாமுக்கு அனுப்பலாமா?



கொஞ்ச நாளாக நம்ம குழுக் கூட்டங்களில் ஒரு பேச்சு அடிபடுது. "பொம்பளப் பிள்ளையை என்.சி.சி.க்கு அனுப்பாதே, சாரணர் முகாமுக்கு அனுப்பாதே, காலம் கெட்டுக் கிடக்கு" என்கிறார்கள். அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 2024 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில், என்.சி.சி. முகாம் என்று சொல்லி மாணவிகளை ராத்திரி பள்ளியிலேயே தங்க வைத்தார்கள். அங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளை பாலியல் கொடுமைக்கு ஆளானாள் என்று வழக்கு. பிள்ளை பள்ளியில் சொல்லியும், வெளியே சொல்லாதே என்று அமுக்கப் பார்த்தார்கள் என்பது புகார். பள்ளி முதல்வர் உட்படப் பலர் கைதானார்கள். அரசு சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. கேட்டவங்களுக்கெல்லாம் வயிறு எரிஞ்சது.

ஆனால் பாதிச் செய்தியோடு நாம நின்னுட்டோம். மீதியையும் கேளுங்க. அந்தப் பள்ளியில் என்.சி.சி.யே கிடையாது, அது எங்கள் முகாம் இல்லை என்று என்.சி.சி. அலுவலகமே அறிவித்தது. அதாவது பேரை மட்டும் திருடி நடத்திய போலி முகாம் அது. உண்மையான என்.சி.சி. 1948-ல் சட்டம் போட்டு ஆரம்பித்தது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருக்கு. பெண் பிள்ளைகளை 1949-லேயே சேர்த்துக்கிட்டாங்க. போலீஸ் வேலைத் தேர்வில் அந்தச் சான்றிதழுக்குத் தனி மார்க் உண்டு. போலிக்குப் பயந்து நிஜத்தையும் தடுத்தால், நஷ்டம் நம்ம பிள்ளைக்குத்தான்.

அதுக்காக, பெரிய சங்கம் என்றால் கண்ணை மூடிக்கிட்டு அனுப்பவும் கூடாது. அமெரிக்காவில் 1910-ல் ஆரம்பித்த ஆண் சாரணர் சங்கம், 2020 பிப்ரவரியில் திவால் மனுப் போட்டது. சின்ன வயதில் முகாம்களில் பாலியல் கொடுமைக்கு ஆளானோம் என்று 82,000 பேருக்கு மேல் புகார் கொடுத்தார்கள். நஷ்டஈட்டுக்கு 200 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டி வந்தது. ஆகாத ஆட்களின் பேரை அந்தச் சங்கம் பல வருசமாக ரகசியக் கோப்பில் வைத்திருந்தது. பெற்றோருக்குச் சொல்லவில்லை. நம்ம குழுவில் ஒரு தவணை குறைஞ்சா அன்னைக்கே நோட்டில் எழுதிப் பேசி முடிக்கிறோம். மறைச்சு வச்சா குழுவே உடையும் என்று நமக்குத் தெரியும். அந்தச் சங்கத்துக்கு நடந்ததும் அதுதான்.

நம்ம நாட்டு பாரத சாரண சாரணியர் இயக்கம் வேறு, அது வேறு. 2025 ஜனவரியில் பக்கத்து மணப்பாறையில் பெரிய சாரணர் திரளணி நடந்தது. நாடு முழுக்க இருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்து போனார்கள்.

எந்த முகாமானாலும் அனுப்பும் முன்னால் ஐந்து விஷயம் கேளுங்க. பள்ளியில் அந்த அமைப்பு முறைப்படி இருக்கா, எந்தப் பிரிவின் கீழ் வருது? முகாம் எங்கே, எத்தனை நாள் என்று எழுத்தில் தருவாங்களா? ராத்திரி பிள்ளைகளோடு தங்கும் ஆசிரியை யார்? தினமும் பிள்ளையோடு போனில் பேச விடுவாங்களா? பணம் வாங்கினால் ரசீது உண்டா? நேர்மையாக நடத்துறவங்க இதுக்குக் கோபப்பட மாட்டாங்க. பதில் மழுப்பலாக வந்தால் அனுப்ப வேண்டாம்.

மில்லுக்கு ஷிப்டு போறவங்களுக்கும், காட்டு வேலைக்குப் போறவங்களுக்கும் பள்ளிக்கூடம் போக நேரம் ஏது என்பீங்க. குழுவுக்கு ரெண்டு பேர் போய் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கேட்டு வரலாமே. பேங்குக்கு அப்படித்தானே போறோம்.

பிள்ளை முகாம் முடிஞ்சு வந்ததும், "சோறு நல்லா இருந்துச்சா" என்பதோடு நிறுத்தாதீங்க. பக்கத்தில் உக்காந்து பேசுங்க. தப்பா ஏதாவது சொன்னால் "நீ ஏன் அங்க போனே" என்று மட்டும் கேட்டுராதீங்க. அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் பிள்ளைகள் வாயை மூடுது. உடனே 1098-க்குப் போன் போடுங்க. 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, தெரிஞ்சும் மறைக்கிறவங்களுக்கும் தண்டனை உண்டு, பள்ளி நிர்வாகமே ஆனாலும். பிள்ளையின் பேரை, படத்தைப் பத்திரிகையில் போடக் கூடாது. வாக்குமூலம் வாங்க வரும் போலீஸ் யூனிஃபார்மில் வரக் கூடாது, பிள்ளையை ராத்திரி ஸ்டேஷனில் வைக்கவும் கூடாது. ஊர் என்ன சொல்லும் என்று நடுங்க வேண்டியது தப்புச் செஞ்சவன். நம்ம பிள்ளை இல்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் இந்த ஐந்து கேள்வியையும் தீர்மான நோட்டில் ஏற்றணும் என்று எல்லாக் குழுக்களையும் கேட்டுக்கிறேன். பிள்ளைகள் நாலு இடம் போகட்டும், நாலும் தெரிஞ்சுக்கட்டும். விசாரிச்சு அனுப்புவோம், வந்ததும் காது கொடுத்துக் கேப்போம்.