குகனும் சம்பூகனும் ஒரு தொடரும்

(பழவேற்காடு ஏரிக்கரை ஊர் ஒன்றில் மாணவர்கள் நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஒரு டிவி தொடரைப் பற்றி என் அபிப்பிராயம் எப்படி எப்படியெல்லாம் மாறிச்சுன்னு சொல்லத்தான் வந்திருக்கேன். சின்ன விஷயம்னு நினைச்சிடாதீங்க.

1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை. எங்க பக்கத்து ஊர்ப் பொதுக் கட்டடத்துல ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி. ஊர்க்காரங்க உள்ளே, சேரிப் பிள்ளைங்க நாங்க வெளியே மணல்ல, சன்னல் வழியா. இந்தி ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் வாயைப் பொளந்துகிட்டுப் பார்த்தோம். படகோட்டி ராமனை ஆற்றைக் கடத்துற கட்டம் வந்தப்போ உள்ளேயிருந்து ஒருத்தர் 'குகன் நம்ம ஆளுடா'ன்னு கத்தினார். எனக்கும் பெருமையாத்தான் இருந்தது. நாங்களும் தண்ணியில பிழைக்கிறவங்கதானே?

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். பறியைப் பல்லுல கடிச்சுகிட்டு, இடுப்பளவு தண்ணியில கையால இறால் தடவினவங்க அவங்க. 'குகன் அவங்க ஆளு. நமக்கு ஏது படகு, ஏது பாடு?'ன்னு கேட்டாங்க.

வெளியூர்த் தோழர்களுக்காகச் சொல்கிறேன். இந்த ஏரியில் மீன்பிடி இடங்களைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் பெயர் பாடு. பட்டினவர் ஊர்த் தலைக்கட்டுகளுக்கு வழிவழியாக வந்த உரிமை அது. தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் அந்தச் சீட்டில் பெயர் கிடையாது. மீனவர்னு பொதுவாச் சொல்லும்போது இந்தக் கோடு மறைஞ்சு போயிடுது. அம்மா சொன்ன பிறகுதான் இன்னொண்ணும் உறைத்தது: அந்தப் படகோட்டி ராமன் காலைக் கழுவிவிட்டுத்தான் படகில் ஏற்றுகிறான். ஏத்தினவனுக்குக் கிடைச்சது அந்தக் கழுவுன தண்ணி.

அப்புறம் அந்தத் தொடரே வேண்டாம்னு விட்டுட்டேன். பெரியாரைப் படிக்கத் தொடங்கியிருந்த காலம். அப்போதுதான் ஒரு செய்தி வந்தது. 1988இல், தொடர் முடியப்போகிறது என்றதும் ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தங்களை வால்மீகியின் வழிவந்தவர்கள் என்று கருதும் மக்கள் அவர்கள். உத்தர காண்டத்தையும் காட்ட வேண்டும் என்பது கோரிக்கை. வேறு ஊர்களுக்கும் அது பரவியது. தெருக்களில் குப்பை மலையாகக் குவிந்தது. அரசாங்கம் இறங்கி வந்தது.

முதல்ல எனக்குக் கோபம். கூலிக்குப் போராடாம ராமாயணத்துக்கா போராடுவாங்க? ஆனால் யோசிக்க யோசிக்க என் கோபம் வெட்கமாக மாறியது. நாடே பார்க்கிற பெட்டியில் தங்கள் முன்னோர் முகத்தையும் காட்டச் சொன்னார்கள். அதைத் துடைப்பத்தைக் கீழே வைத்துச் சாதித்தார்கள். சன்னலுக்கு வெளியே நின்ன எனக்கு அந்த ஏக்கம் புரியாமப் போகுமா?

அதனால 'உத்தர ராமாயண்' வந்தப்போ மறுபடியும் போய் உட்கார்ந்தேன். ஒருத்தனுக்காகக் காத்திருந்தேன். சம்பூகன். தவம் செய்த குற்றத்துக்காக ராமன் கையால் தலை வெட்டப்பட்ட சூத்திரன். நால்வருணம் தண்டனை இல்லாமல் நிற்காது என்பதற்கு 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் எடுத்துக்காட்டியது அவனைத்தான். கடைசிவரை அவன் வரவே இல்லை. போராடி வாங்கிய நீட்சியிலும் வெட்டுப்பட்டவனையே வெட்டிவிட்டார்கள்.

மீதிக் கதை உங்களுக்குத் தெரியும். 1991 தேர்தலில் சீதையாக நடித்தவரும் ராவணனாக நடித்தவரும் ஒரே பாரதிய ஜனதா கட்சியில் நின்று நாடாளுமன்றம் போனார்கள். 1992 டிசம்பர் 6, அம்பேத்கரின் நினைவு நாளன்று, பாபர் மசூதி இடிக்கப்பட்டது. 2024இல் ராமனாக நடித்தவரும் எம்.பி. ஆனார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. ஏரியில் இறங்க முடியாமல் வீட்டில் கிடந்தோம். அதே தொடரை மறுபடி போட்டார்கள். இப்போ பெட்டி எங்க வீட்லயே இருக்கு. சன்னலுக்கு வெளியே நிக்க வேண்டியதில்லை. கல்லூரியில் படிக்கும் என் மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'இதுல நாம யாருப்பா?' என்றாள். சம்பூகன் கதையைச் சொன்னேன். 'அப்போ பாட்டிக்கு முதல்லயே தெரிஞ்சிருக்கு' என்றாள்.

மாணவர்களே, பெட்டியை அணைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பாருங்க. யாரைக் காட்டுறான், யாரை விட்டுட்டான்னு எண்ணிக்கிட்டே பாருங்க. ஜலந்தர் தொழிலாளர்கள் ஒரு கதைக்காக அரசாங்கத்தையே பணியவைத்தார்கள். அந்தக் கை நமக்கும் இருக்கிறது. இந்த ஏரியின் சீட்டில் நம்ம பெயரும் விழ, அதை எப்போ பயன்படுத்தப் போறோம்?