வீடே பள்ளிக்கூடமாகும்போது

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம். நஹ்மதுஹூ வநுஸல்லீ அலா ரஸூலிஹில் கரீம். அம்மா பஃது.

     

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல், வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கும் தாய்மார்கள் சிலர் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டில் கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது வேறு வழியின்றி வீட்டில் பாடம் தொடங்கியவர்களில் சிலர், கதவுகள் திறந்த பின்பும் அதை விடவில்லை. பிள்ளை ஹிஃப்ளு முடிக்கும் வரையில் வீட்டில் படிக்கட்டும் என்று முடிவு செய்தவர்கள் சிலர். வளைகுடாவில் கணவரின் வேலை முடிந்து, ஆண்டின் நடுவே ஊர் திரும்பி, பள்ளியில் இடம் கிடைக்காமல் வீட்டில் தொடங்கியவர்களும் உண்டு. எண்ணிக்கையில் இவர்கள் குறைவுதான். ஆயினும் இவர்கள் கேட்டனுப்பும் கேள்விகள் எல்லா வீடுகளுக்கும் உரியவை என்பதால் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

முதலில் இவர்கள் கேட்பது கிதாபைப் பற்றி: “ஹஜ்ரத், பிள்ளைக்கு எந்தக் கிதாபிலிருந்து ஆரம்பிக்கலாம்?” இரண்டாம் முறை கேட்டனுப்பும்போதுதான் உண்மையான கஷ்டம் வெளிப்படும். கைக்குழந்தை அழும்போது மூத்தவனுக்கு எப்படி ஸபக் கேட்பது? உலை கொதிக்கும் நேரத்தில் கணக்குப் பாடத்தை என்ன செய்வது? வீட்டில்தானே இருக்கிறாள் என்று கருதி உறவினர்கள் முற்பகலில் வந்து அமர்ந்துவிட்டால் என்ன சொல்வது? கிதாபைப் பற்றிய கேள்விக்கு மறுமொழி எளிது. அடுப்படியைப் பற்றிய கேள்விக்கு மறுமொழி சொல்ல வேண்டுமானால் திரைக்கு அப்பால் இருப்பவர்களிடம் மட்டும் பேசினால் போதாது. திரைக்கு இப்பால் இருக்கும் உங்களிடமும் பேச வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல பள்ளிக்கூடம் அருகில் இருந்து, பிள்ளை மகிழ்ச்சியோடு போய்வரும் நிலையில், அவனை நிறுத்திவிடுங்கள் என்று நான் எவருக்கும் யோசனை சொல்வதில்லை. 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்குக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்றும் கூறுகிறது. இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற விதியும் அதில் உண்டு. ஆகவே, வீட்டில் தொடங்கியதாலேயே பள்ளிக்குத் திரும்பும் வாசல் அடைபட்டுவிட்டது என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. நான் பேசப்போவது, யோசித்து முடிவெடுத்து வீட்டில் பாடம் நடத்திக்கொண்டிருப்பவர்களின் அன்றாட வாழ்வைப் பற்றியே.

வீட்டில் தாயிடம் படிப்பது நமக்குப் புதிதன்று. நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் வீட்டிலேயே அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி; அபூதாவூதில் இச்செய்தி இருக்கிறது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களை, தந்தையை இழந்த சிறு குழந்தையாக காஸாவிலிருந்து மக்காவுக்குக் கொண்டுவந்து கல்வியில் சேர்த்தவர் அவர்களுடைய தாயார்தான். ஆசிரியருக்குக் கொடுக்கக் கையில் காசில்லாத தாயார் அவர். நம் கடற்கரை ஊர்களான கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும், பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத மூதாட்டிகள் அரபுத்தமிழில் ஃபிக்ஹு கிதாபுகளை வாசித்தார்கள். கடல்கடந்து போன கணவருக்கு அதே எழுத்தில் கடிதமும் எழுதினார்கள். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியார்கள் அரபுத்தமிழில் எழுதிய கிதாபுகள் ஆண்களின் மதரஸாவோடு நின்றுவிடாமல் வீட்டுக் கூடங்களிலும் ஓதப்பட்டன.

ஆனால் அந்தக் காலத்து வீட்டில் ஒரு பெண் தனியாக இருக்கவில்லை. மாமியார் இருந்தார், நாத்தனார் இருந்தார், கொல்லையில் உதவிக்கு இன்னொருவர் இருந்தார். ஒருத்தி ஓதிக்கொடுத்தால் ஒருத்தி சமைத்தாள். இன்றைய தனிக்குடித்தனத்தில், அதிலும் கணவர் துபாயிலோ ரியாதிலோ இருக்கும் வீட்டில், ஒரே பெண் ஆசிரியையாகவும் சமையற்காரியாகவும் செவிலியாகவும் கடைக்குப் போகிறவளாகவும் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் 5 மணி நேரம் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியையிடம், வகுப்பின் நடுவே போய் முப்பது பேருக்குச் சோறு வடித்துவிட்டு வா என்று எவரும் சொல்வதில்லை. வீட்டில் நடத்துகிறவளிடம் மட்டும் அதைக் கேட்கிறோம். பகல் 1 மணிக்குக் குழம்பு தயாராகவில்லையென்றால் முகம் சுளிக்கிறோம்.

சகோதரர்களே! நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னையார் கூறினார்கள். புகாரியில் உள்ள ஹதீஸ் இது. தொழுகைக்குப் புறப்படும் பகுதியை நாம் நன்றாகவே பின்பற்றுகிறோம். சுப்ஹுக்குப் பின் பள்ளியில் அமர்ந்து அரட்டை அடிப்பதையும் சேர்த்தே பின்பற்றுகிறோம். அந்த முற்பகுதி?

அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களின் செய்தியையும் பயான்களில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். திரிகை சுற்றிச் சுற்றிக் கை காய்த்துப்போய், உதவிக்கு ஆள் கேட்டு வந்தார்கள். தந்தையார் வீட்டில் இல்லாததால் அன்னை ஆயிஷாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். உறங்கப் போகுமுன் ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 ஓதும்படி நாயகம் (ஸல்) கற்றுக்கொடுத்தார்கள். பயான் செய்கிறவர்கள் தஸ்பீஹோடு முடித்துவிடுவார்கள். செய்தி கிடைத்த அந்த இரவே நாயகம் (ஸல்) அவர்கள் தாமே மகளின் வீட்டுக்குப் போனார்கள் என்பதையும், எழுந்திருக்க முயன்ற இருவரையும் அப்படியே இருக்கச் சொல்லி அவர்களுக்கு நடுவே அமர்ந்தார்கள் என்பதையும் யார் சொல்கிறார்கள்? உன் களைப்பு பொய் என்று மகளிடம் அவர்கள் சொல்லவில்லை. நம் வீட்டுப் பெண் களைத்துவிட்டேன் என்று சொன்னால், தஸ்பீஹை மட்டும் அவள் கையில் கொடுத்துவிட்டு நாம் வெளியே போய்விடுவது அந்த ஹதீஸின்படி நடப்பதாகாது.

இனித் தாய்மார்களுக்கு. பள்ளிக்கூடத்து மணியை அப்படியே வீட்டில் அடிக்க முயலாதீர்கள். காலை 9 முதல் மாலை 4 வரை என்று சுவரில் அட்டவணை ஒட்டுகிற வீடுகளில் மூன்றாம் வாரம் அட்டவணையும் இருக்காது, பாடமும் இருக்காது. நமக்கு அல்லாஹ் கொடுத்த அட்டவணை ஐந்து வேளைத் தொழுகை. சுப்ஹுக்குப் பின் ஒன்றரை மணி நேரம் மனனத்துக்கு உரியது. அந்த வேளையில் அடுப்பு எரிய வேண்டாம். முந்திய இரவே அரைத்துப் புளிக்க வைத்த மாவு இருந்தால் காலை உணவு கால் மணி நேர வேலை. முற்பகலில் எழுத்தும் கணக்கும். அதற்கு ஒரே நிபந்தனை, நீங்கள் பிள்ளையின் பக்கத்தில் அமர வேண்டும். அடுப்படியில் நின்றுகொண்டு “ஓது, ஓது” என்று குரல் கொடுப்பது பாடம் ஆகாது. அதனால் பிள்ளையும் ஓதாது, குழம்பும் தீய்ந்துபோகும். பக்கத்தில் அமர்ந்து நடத்திய ஒரு மணி நேரம், தூர நின்று அதட்டிய நான்கு மணி நேரத்துக்கு ஈடு. அந்த ஒரு மணி நேரம் கைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.

நண்பகல் ஓய்வைப் பற்றி ஸூரத்துந் நூரின் 58ஆம் வசனத்தைக் கவனியுங்கள். பருவமடையாத பிள்ளைகளும்கூட அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டிய மூன்று நேரங்களை அல்லாஹ் அங்கே குறிப்பிடுகிறான்: சுப்ஹுக்கு முன், ஆடை களைந்து ஓய்வெடுக்கும் நண்பகலில், இஷாவுக்குப் பின். பிள்ளைகள் நாள் முழுவதும் காலைச் சுற்றிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய ரஹ்மத்! பெற்றோருக்கென்று சாத்திய கதவு ஒன்று உண்டு என்பதை மறையே சொல்லியிருக்க, லுஹருக்குப் பின் முக்கால் மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பதற்கு எந்தத் தாயும் வெட்கப்பட வேண்டாம். பிள்ளைகளுக்கும் அது ஒரு பாடம்: கதவைத் தட்டக் கற்றுக்கொள்கிறார்கள்.

வீட்டு வேலை எல்லாமே படிப்புக்கு இடையூறு என்றும் எண்ணிவிடாதீர்கள். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 4 உழக்கு ஒரு படி. அரிசியைப் பிள்ளையை அளக்கச் சொன்னால் காலும் அரைக்காலும் கையிலேயே புரியும். 4 பங்கு அரிசிக்கு 1 பங்கு உளுந்து என்பது விகிதக் கணக்கு. ஜகாத் 40இல் 1 என்பதை உங்கள் நகையின் எடையைக் கொண்டே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சதவீதமும் வரும், மார்க்கமும் வரும். முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு நிழலை அளக்கட்டும். நிழல் ஒரு மடங்கானால் ஷாஃபிஈகளுக்கு அஸர், இரு மடங்கானால் ஹனஃபிகளுக்கு அஸர். உச்சி நேரத்து நிழலை அதில் சேர்க்காமல் கணக்கிட வேண்டும் என்பதை அவனே கண்டுகொள்வான். ஏப்ரலில் ஒரு நாளும் ஆகஸ்டில் ஒரு நாளும் உச்சி நேரத்தில் குச்சிக்கு நிழலே இராது. ஏன் என்று அவன் கேட்கும்போது பூகோளப் பாடம் தொடங்குகிறது. மஃரிப் பாங்கு நேரத்தை ஓராண்டு முழுக்க ஒரு நோட்டில் குறித்துவரச் சொல்லுங்கள். பகல் மிகக் குறுகியது டிசம்பரில். ஆனால் நம் பகுதியில் மஃரிப் மிக முந்தி வருவது நவம்பரில். படித்த பெரியவர்கள் பலருக்கும் தெரியாத செய்தி இது. நோட்டு வைத்திருக்கும் பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

பொறுமையைப் பற்றி நீட்டிப் பேச விரும்பவில்லை. அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக வந்து பத்தாண்டுகள் நாயகத்திடம் பணிவிடை செய்தார்கள். ஒரு நாளும் அவர்களைப் பார்த்து “சீ” என்ற சொல்கூட வந்ததில்லை. கோபம் வந்துவிட்டால் அன்றைய பாடத்தை அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள். நாளை பார்த்துக்கொள்ளலாம்.

தேர்வு குறித்தும் சிலர் கேட்டிருந்தீர்கள். 1989இல் நிறுவப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாக, 14 வயது நிறைந்த பிள்ளை பத்தாம் வகுப்புக்கும் 15 வயது நிறைந்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்கும் பதிவு செய்துகொள்ளலாம். ஆண்டுக்கு இரு முறை தேர்வு நடக்கிறது. சிறிய பிள்ளைகளுக்கு 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு ஈடான அடிப்படைக் கல்வித் தேர்வும் உண்டு. பிற்பாடு எந்தக் கல்லூரியில், எந்தப் படிப்பில் சேர்க்க எண்ணமோ அங்கே முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். நம் பெயர்களை ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதி வைத்திருக்கும்.

இப்போது சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். “பெண்பிள்ளையை நிறுத்திவிட்டோம் ஹஜ்ரத், வீட்டிலேயே படிக்கிறாள்” என்று சிலர் சொல்கிறார்கள். என்ன படிக்கிறாள் என்று கேட்டால் பதில் இல்லை. பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு நின்றவள் தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள், பாத்திரம் துலக்குகிறாள், பாட்டிக்கு மருந்து கொடுக்கிறாள். திறந்த புத்தகம் ஒன்றும் அந்த வீட்டில் இல்லை. அண்ணன் பாடம் ஓதும்போது அவள் தேநீர் கொண்டுவந்து வைக்கிறாள். இதற்கு வீட்டுக் கல்வி என்று பெயர் வைக்காதீர்கள். கூலியில்லாத வேலைக்கு ஆள் வைத்துக்கொண்டதற்குக் கல்வியின் பெயரைச் சூட்டுவது அமானிதத்துக்குச் செய்யும் மோசடி. ஆண்களே உங்களைச் சூழ்ந்துகொள்கிறார்கள், எங்களுக்கென்று ஒரு நாளை ஒதுக்குங்கள் என்று பெண்கள் கேட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் நாள் ஒதுக்கி, சென்று, கற்றுக்கொடுத்தார்கள். கேட்டுப் பெற்ற நாள் அது. நம் வீட்டுப் பெண்பிள்ளைக்கு நாளில் இரண்டு மணி நேரம் எவரும் ஏவாத நேரமாக இருக்கிறதா? அவள் பெயரில் ஒரு நோட்டு, ஒரு தேர்வுப் பதிவு எண் இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த கல்வியாண்டில் அவளை மறுபடி பள்ளிக்கு அனுப்புங்கள். வீட்டு வேலை பழகுவதைக் குறை கூறவில்லை. அதை அண்ணனும் பழகட்டும். தான் உண்ட தட்டைத் தானே கழுவுவதால் ஹாஃபிழின் கண்ணியம் குறையாது.

நிர்வாகத்திடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மதரஸாவின் மேல்மாடி அறை காலை 9 மணி முதல் லுஹர் வரை பூட்டியே கிடக்கிறது. வாரத்தில் இரண்டு நாட்கள் அதைத் தாய்மார்களுக்குத் திறந்துவிட்டால், ஐந்தாறு பேர் சேர்ந்து ஒருவர் கணக்கும் ஒருவர் ஆங்கிலமும் ஒருவர் தஜ்வீதும் என்று பிள்ளைகளைப் பகிர்ந்துகொள்வார்கள். ஒருத்தி கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். பழைய கூட்டுக்குடும்பத்தின் உதவி வேறொரு வடிவில் திரும்பக் கிடைக்கும். தனிப் படிக்கட்டு வழியும் தண்ணீர் வசதியும் ஏற்கெனவே இருக்கின்றன. வேண்டியது ஒரு மின்விசிறியும் கரும்பலகையும் சாவியும்தான். பைத்துல்மாலிலிருந்து எடுக்க வேண்டாம். இந்த ஜும்ஆவில் நானே வசூலுக்கு அறிவித்துவிடுகிறேன். சாவி யாரிடம் இருப்பது என்பதை மட்டும் இன்றைய கூட்டத்திலேயே முடிவு செய்து தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹூ.