அஸ்திவாரக் குழியில் எண்ணெய்

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் சுண்ணாம்பாற்றைக் கடந்து தவளக்குப்பம் வருகிறவர்கள், புதிய கட்டடங்களுக்கு அஸ்திவாரம் தோண்டுமிடங்களில் ஊற்றுநீரை மோட்டார் வைத்து இறைப்பதைக் கண்டிருக்கலாம். அந்த நீரில் வானவில் நிறத்துப் படலம் மிதந்தாலோ, பெட்ரோல் வாடை வீசினாலோ, இறைப்பதை அந்தக் கணமே நிறுத்துவதுதான் முதற்காரியம். ஏனெனில் இறைக்க இறைக்க, சுற்றுப்புற நிலத்தடியில் தேங்கிய எண்ணெயும் குழியை நோக்கி ஆகர்ஷிக்கப்படும்.

இது வெறும் கற்பனையான அச்சமன்று. சென்னைத் தண்டையார்பேட்டையில் 2013-ஆம் ஆண்டு, பூமிக்கடியில் சென்ற குழாயின் கசிவால், குடியிருப்புகளின் ஆழ்துளைக் கிணறுகளிலேயே நீரோடு எண்ணெய் வந்தது. ஜனங்கள் பட்ட கஷ்டம் சாமானியமன்று.

மிதக்கும் எண்ணெயைத் தொட்டியில் தேங்கவிட்டு வழித்தெடுக்கலாம். ஆனால் கண்ணுக்குப் புலப்படாமல் நீரில் கரைந்து நிற்கும் பென்சீனோ, புற்றுநோயை விளைவிக்க வல்லது. அதனை அகற்றுவதற்குக் கிளர்வூட்டப்பட்ட கரியின் வழியே நீரைச் செலுத்தவேண்டும். நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் எண்ணெயும் கிரீசும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது நம் நாட்டு விதி.

ஆதலால் கட்டட முதலாளிகளே, மேஸ்திரிகளே, பரிசோதிக்காத நீரை வாய்க்காலில் திறந்துவிடாதீர்கள்; மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு உடனே தெரிவியுங்கள்.